அண்ணத்தை விரிக்கும் ஸ்க்ரூ: பல்லுக்கும் எலும்புக்கும் என்ன ஆகுது?

போன செமஸ்டர் லீவுல எனக்கு வீட்டில் ஒரு டியூட்டி கொடுத்தாங்க. காலையில் ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை, தம்பியை வாயைத் திறக்கச் சொல்லி, அவன் அண்ணத்தில் ஒட்டியிருக்கிற ஸ்க்ரூவை ஒரு சின்னச் சாவியால் கால் சுற்று திருப்பணும். அம்மாவுக்குக் கை நடுங்குது, அப்பாவுக்குக் கண்ணாடி இல்லாம அந்த ஓட்டை தெரியல. "நீதான் மெக்கானிக்கல் படிக்கிறியே, நீயே பண்ணு"ன்னு சாவியை என்கிட்ட கொடுத்துட்டாங்க.

முதல் நாள் எனக்குத் தோணின கேள்வி இதுதான்: ஒரு ஸ்க்ரூவைத் திருப்பினா மண்டையோட்டின் ஒரு எலும்பு ரெண்டாப் பிரியுமா? பிரியும்னா, நடுவுல மாட்டிக்கிட்ட பல்லுக்கு என்ன ஆகும்? ஆர்த்தோடான்டிஸ்ட், அதாவது பல் சீரமைப்பு டாக்டர், பொறுமையா விளக்கினார். மீதியை நானே தேடிப் படிச்சேன். படிச்சதைத்தான் நம்ம டிபார்ட்மென்ட் பாஷையில் இங்கே எழுதுறேன். இதில் என் சொந்தக் கதையும் கொஞ்சம் இருக்கு. அது பின்னால் வரும்.

முதலில், அண்ணம்னா என்ன?

நாக்கை மேலே தூக்கி வாயின் கூரையைத் தொட்டுப் பாருங்க. நடுவில் முன்னிருந்து பின்னாகப் போகும் ஒரு கோடு மாதிரி தட்டுப்படும். அந்த இடத்தில்தான் மேல்தாடையின் இடது பாதியும் வலது பாதியும் சேருது. மேல்தாடை ஒரே எலும்பு மாதிரி தெரிஞ்சாலும் அது ரெண்டு எலும்பு. இரண்டும் சேரும் இடத்துக்கு சூச்சர்னு பேர். தமிழில் எலும்புத் தையல்னு சொல்லலாம்.

நம்ம சிவில் நண்பர்களுக்குப் புரியற மாதிரி சொன்னா, இது ஒரு எக்ஸ்பான்ஷன் ஜாயின்ட். குழந்தையில் ரெண்டு எலும்புக்கும் நடுவில் நார்த்திசுதான் இருக்கும், கோடும் ஏறக்குறைய நேராவே இருக்கும். வளர வளர அந்தக் கோடு நெளிநெளியாகி, ரெண்டு பக்க எலும்பும் ஜிப் பற்கள் மாதிரி ஒன்றுக்குள் ஒன்று கோர்த்துக்கும். கடைசியில் எலும்புப் பாலங்கள் உருவாகி மூடிடும். மூடுவது பின்பக்கத்தில் தொடங்கி முன்பக்கமா வரும்.

சிலருக்கு மேல்தாடை குறுகலா இருக்கும். வாயை மூடும்போது மேல் கடைவாய்ப் பல் கீழ்ப் பல்லுக்கு வெளியே உட்காரணும். குறுகலா இருந்தா உள்ளே போய் உட்காரும். இதுக்கு க்ராஸ்பைட்னு பேர். தம்பிக்கு ரெண்டு பக்கமும் அப்படித்தான் இருந்துச்சு. முன்பற்கள் இடமில்லாம ஒன்றின் மேல் ஒன்று ஏறி நின்னுச்சு. இதுக்குத்தான் எக்ஸ்பாண்டர்.

160 வருஷத்துக்கு முந்தைய ஐடியா

இது புதுக் கண்டுபிடிப்பு இல்ல. 1860-ல் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் எமர்சன் ஏஞ்சல் என்ற பல் டாக்டர், 14 வயதுப் பெண் ஒருத்தியின் மேல் பற்களுக்கு நடுவில் குறுக்கே ஒரு ஜாக் ஸ்க்ரூவைப் பொருத்தினார். சாவியை அந்தப் பெண்ணிடமே கொடுத்து, ஸ்க்ரூவை இறுக்கமாவே வெச்சிருக்கச் சொன்னார். ரெண்டு வாரத்தில் அவளுடைய ரெண்டு முன்பற்களுக்கும் நடுவில் இடைவெளி வந்துடுச்சு. ரெண்டு தாடை எலும்பும் பிரிஞ்சதால்தான் அந்த இடைவெளின்னு அவர் எழுதினார்.

பெரும்பாலானவங்க நம்பல. நம்ப வைக்க அவர்கிட்ட ஆதாரமும் இல்ல. எக்ஸ்-ரே கண்டுபிடிச்சதே 1895-லதான். அந்த ஐடியா பல வருஷம் ஓரமாவே கிடந்துச்சு. 1961-ல் ஆண்ட்ரூ ஹாஸ் என்ற அமெரிக்க ஆர்த்தோடான்டிஸ்ட், முதலில் பன்றிகளிலும் பிறகு நோயாளிகளிலும் செய்து பார்த்ததை எழுதிய பிறகுதான் மறுபடி பரவலாச்சு. அவருடைய கருவியில் அண்ணத்தோடு ஒட்டி உட்காரும் அக்ரிலிக் தட்டு இருந்துச்சு. 1968-ல் பீடர்மேன் என்பவர் தட்டே இல்லாம, முழுக்கக் கம்பியும் ஸ்க்ரூவும் மட்டும் இருக்கிற மாதிரி ஒன்றைக் கொண்டுவந்தார். சோறு, பருப்பு மாட்டிக்காம கழுவ வசதி. அதுதான் ஹைராக்ஸ். தம்பி வாயில் இருப்பது அதே வகை.

ஸ்க்ரூவின் கணக்கு

கரென்ட் கம்பத்தைச் சாயாம இழுத்துப் பிடிக்கிற ஸ்டே கம்பியைப் பார்த்திருப்பீங்க. அதை இறுக்க நடுவில் ஒரு டர்ன்பக்கிள் இருக்கும். ஒரு பக்கம் வலது மரை, இன்னொரு பக்கம் இடது மரை. நடுவில் திருப்பினா ரெண்டு பக்கமும் ஒரே நேரத்தில் நகரும். எக்ஸ்பாண்டர் ஸ்க்ரூவும் இதே அமைப்புதான். டர்ன்பக்கிள் உள்ளே இழுக்கும், இது வெளியே தள்ளும். அவ்ளோதான் வித்தியாசம்.

நடுவில் இருக்கிற உருளையில் நாலு ஓட்டை. சாவியை ஒன்றில் செருகி, முன்னிருந்து பின்னால் தொண்டைப் பக்கமா தள்ளினா கால் சுற்று. பொதுவா கால் சுற்றுக்கு 0.2 அல்லது 0.25 மி.மீ. விரியும். தம்பியோடது 0.25. ஒரு நாளைக்கு ரெண்டு தடவைன்னா 0.5 மி.மீ.

அந்த ராத்திரி நோட்டில் ஒரு கணக்குப் போட்டேன். சாவியின் நீளம் சுமார் 30 மி.மீ.; ஒரு முழுச் சுற்றுக்கு 1 மி.மீ. விரியும். உராய்வே இல்லைன்னா மெக்கானிக்கல் அட்வான்டேஜ் 2π × 30 ÷ 1, அதாவது சுமார் 188. மரையில் உராய்வு அதிகம். எஃபிஷியன்சி 20 சதவீதம்னு நானே வெச்சுக்கிட்டேன். விரலால் 100 கிராம் எடை அளவுக்குத் தள்ளினாலே, பல்லில் கிட்டத்தட்ட 3.8 கிலோ வருது. இது துல்லியமான கணக்கு இல்ல, எந்த ரேஞ்சில் இருக்குன்னு தெரிஞ்சுக்கத்தான். 1960-களில் நோயாளிகள் வாயிலேயே அளந்து பார்த்ததில், ஒரு திருப்பலுக்கு 3 முதல் 10 பவுண்டு, அதாவது சுமார் 1.4 முதல் 4.5 கிலோ வரை வந்திருக்கு. என் கணக்கும் அந்த ரேஞ்சுக்குள்ள இருந்ததைப் பார்த்து ரொம்பப் பெருமையா இருந்துச்சு. (அந்தப் பெருமை எத்தனை நாள் நீடிச்சதுன்னு கீழே சொல்றேன்.)

இப்போ ஒப்பிட்டுப் பாருங்க. சாதாரண க்ளிப் போட்டு ஒரு பல்லை நகர்த்த டாக்டர்கள் கொடுக்கும் விசை சுமார் 35 முதல் 120 கிராம்தான். இங்கே கிலோ கணக்கில்! பல் உடைஞ்சு போகாதா?

பல்லை நகர்த்தாமல் எலும்பை நகர்த்துவது

பல் எலும்பில் ஆணி மாதிரி நேராகக் குத்தி நிக்கல. வேருக்கும் எலும்புக்கும் நடுவில் சுமார் 0.2 மி.மீ. தடிமனில் ஒரு நார்ப்படலம் இருக்கு. ஒரு டேம்பர் மாதிரி. மெதுவான, தொடர்ந்த விசை கொடுத்தா, ஒரு பக்க எலும்பு கரைஞ்சு, எதிர்ப்பக்கம் புது எலும்பு வளர்ந்து, பல் நகரும். க்ளிப் வேலை செய்வது இப்படித்தான்.

விசை ரொம்ப அதிகமானா கதையே வேற. நார்ப்படலம் நசுங்கி அந்த இடத்தில் ரத்த ஓட்டம் நின்னுடும். ரத்தம் இல்லைன்னா எலும்பைக் கரைக்கிற செல்லும் வராது. பல் கொஞ்ச நாளைக்கு அப்படியே உறைஞ்ச மாதிரி நிக்கும். வேகமான விரிவாக்கத்தின் தந்திரமே இதுதான். பல் நகர்வதற்குள், விசை பல் வழியா எலும்புக்குப் போய், நடுத்தையலைப் பிரிச்சிடணும். பல் இங்கே வெறும் கைப்பிடி.

இதை ரெண்டு ஸ்பிரிங்கை சீரிஸில் வெச்ச மாதிரி யோசிங்க. ஒரு ஸ்பிரிங் பல்லும் அதைச் சுற்றிய எலும்பும், இன்னொன்று நடுத்தையல். ரெண்டிலும் ஒரே விசைதான் ஓடும். எது தொளதொளப்பா இருக்கோ அது அதிகம் நீளும். பத்து வயதில் தையல் தொளதொள. விரிவில் பெரும்பங்கு அங்கே போயிடும். பெரியவங்களுக்குத் தையல் இறுகியிருக்கும். அப்போ மொத்த நகர்வும் பல்லின் தலையில் விழும். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயம் மனசில் நிக்கணும்னா, இது நின்னா போதும்.

தையல் திறந்தா என்னென்ன நடக்கும்?

ஒன்பதாவது நாள் காலையில் தம்பி கண்ணாடி முன்னாடி நின்னு கத்தினான்: "அக்கா! பல்லு பிரிஞ்சுடுச்சு!" ரெண்டு முன்பற்களுக்கும் நடுவில் சந்து. "விழுந்துடுமா அக்கா?"ன்னு கேட்டான். அம்மா முகமும் மாறிடுச்சு. நான் சிரிச்சேன். 1860-ல் ஏஞ்சல் பார்த்த அதே இடைவெளி! தையல் திறந்ததுக்கு வெளியே தெரியும் முக்கியமான அடையாளம் இதுதான். பொதுவா ஸ்க்ரூ திறந்த அளவில் ஏறக்குறைய பாதி அளவுக்கு இந்தச் சந்து வரும். 14 நாளில் 28 திருப்பல், 7 மி.மீ.; தம்பிக்கு கடைசியில் மூணு மி.மீ.க்கு மேல சந்து. ஸ்கூலில் ரெண்டு வாரம் "கேட்டு திறந்திருக்கு"ன்னு கிண்டல்.

அந்தச் சந்து தானாவே மூடவும் செய்யும். பல்லுக்குப் பல் ஈறுக்குள் ஓடும் நார்கள் ரப்பர் பேண்டு மாதிரி இழுத்து, முதலில் பல்லின் தலைப்பகுதியையும், பிறகு மெதுவா வேரையும் கொண்டுவரும். சில மாதம் ஆகும்.

எலும்பு ரெண்டும் இணையாகப் பிரியாது. மேலிருந்து பார்த்தா இது வி வடிவம்: முன்னால் அகலம், பின்னால் குறுகல். பின்பக்கம் ஸ்ஃபீனாய்டு எலும்பின் தட்டுகள் மேல்தாடையைப் பிடிச்சுக்கிட்டு இருப்பதால் அங்கே அவ்வளவு திறக்காது. முன்னாலிருந்து பார்த்தா கோபுரம் மாதிரி: வாய்ப்பக்கம் அகலம், மூக்குப்பக்கம் போகப் போகக் குறுகல். ஏறக்குறைய மூக்கின் வேர்ப்பகுதியில் ஒரு கீல் இருந்து, ரெண்டு கதவும் கீழே விரிஞ்ச மாதிரி. கன்ன எலும்போடு, மூக்கெலும்போடு சேரும் மற்ற தையல்களுக்கும் இந்த இழுவை போகும். திருப்பின கொஞ்ச நேரம் மூக்குத்தண்டில், கண்ணுக்குக் கீழே அழுத்தம் மாதிரி இருக்குன்னு குழந்தைங்க சொல்றது அதனால்தான்.

அண்ணத்தின் மேல்பக்கம்தான் மூக்கின் தரை. அதனால மூக்கின் உள்ளகலமும் கொஞ்சம் கூடும். சில குழந்தைகளுக்கு மூச்சு லேசாகும். நம்ம ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் ஆளுங்க உடனே, "ஆரத்தின் நாலாம் அடுக்கு, ரெசிஸ்டன்ஸ் படுவேகமா குறையும்"னு கிளம்பிடுவீங்க. மூக்கு வட்டமான குழாய் இல்ல. நடுவில் வீங்கிச் சுருங்கும் சதைமடிப்புகள் இருக்கு. குறுகலான இடம் பெரும்பாலும் முன்பக்கத் துவாரத்துக்கு அருகிலேயே இருக்கு. அதனால மூச்சுக்காக மட்டும்னு இதைச் செய்வதில்லை. பல் அமைப்பில் தேவை இருக்கணும். மூச்சு லேசானா போனஸ்.

பல்லும் ஈறும் கொடுக்கும் விலை

கைப்பிடியா பயன்பட்ட பற்கள் சும்மா தப்பிக்காது. ஸ்க்ரூவின் விசை பல்லின் தலைப்பக்கம் படுது. பல்லின் ரெசிஸ்டன்ஸ் மையம் வேரில், எலும்புக்குள்ளே இருக்கு. விசைக்கும் மையத்துக்கும் நடுவில் தூரம் இருந்தா மொமென்ட் வரும், இல்லையா? அதனால கடைவாய்ப் பல் நேராக நகராம, கன்னத்துப் பக்கமா சாயும். பல் உட்கார்ந்திருக்கிற எலும்பும் கூடவே வளையும்.

சாயும்போது பல்லின் உள்பக்க முனை கீழே இறங்கும். கீழ்ப்பல்லோடு அதுதான் முதலில் இடிக்கும். தாடை முழுசா மூடாம, கொஞ்சம் கீழும் பின்னுமா சுழலும். முன்பற்கள் சந்திக்காம, முகம் லேசா நீளமா தெரியும். பெரும்பாலும் இது தற்காலிகம். ஏற்கெனவே நீளமுகம் உள்ள குழந்தைன்னா டாக்டர் முன்கூட்டியே யோசிச்சு, பல்லின் மேல்பரப்பை மூடும் வகைக் கருவியைத் தேர்வு செய்யலாம்.

அடுத்தது கன்னத்துப் பக்க எலும்பு. வேருக்கு வெளியே இருக்கும் எலும்புச்சுவர் இயற்கையிலேயே ரொம்ப மெலிசு. பல் அந்தப் பக்கமே சாயும்போது சுவர் இன்னும் மெலியும். 2006-ல் வெளிவந்த பிரேசில் ஆய்வு ஒன்றில், 11 முதல் 14 வயதுள்ள 8 சிறுமிகளை விரிவாக்கத்துக்கு முன்னும் பின்னும் சிடி ஸ்கேன் எடுத்துப் பார்த்தாங்க. பிடிமானப் பற்களின் கன்னப்பக்கச் சுவர் 0.6 முதல் 0.9 மி.மீ. வரை குறைஞ்சிருந்துச்சு. முதலிலேயே சுவர் மெலிசா இருந்தவங்களுக்கு, குறிப்பா முன்கடைவாய்ப் பல்லில், வேரின் ஒரு பகுதிக்கு வெளிச்சுவரே இல்லாத நிலை வந்திருந்துச்சு. எட்டே பேர்தான், ஆனா எந்தத் திசையில் பாதிப்பு வரும்னு இது தெளிவா காட்டுது. வயது கூடக் கூட ஈறு இறங்கிப்போற அபாயமும் இதோடு சேரும்.

வேரும் தப்பாது. நசுங்கின பக்கத்தில் வேரின் மேற்பரப்பில் சின்னச் சின்னக் குழிகள் விழும். நல்ல செய்தி என்னன்னா, விசை நின்ன பிறகு சிமென்டம் என்ற திசு பெரும்பாலான குழிகளை நிரப்பி ரிப்பேர் பண்ணிடும். நம்ம சிமென்ட் பூச்சு மாதிரியேதான், பேரும் பொருத்தம்!

நான் செஞ்ச தப்பு

பத்தாவது நாள் நான் ஒரு வேலைக்காகக் காலையிலேயே கிளம்பிட்டேன், திருப்ப மறந்துட்டேன். ராத்திரி வந்ததும், "விட்டதையும் சேர்த்து ரெண்டு தடவை திருப்பிடலாம், கணக்கு சரியாயிடும்"னு அடுத்தடுத்து ரெண்டு கால்சுற்று. 0.5 மி.மீ. தானே? தம்பி கையைத் தட்டிவிட்டு அழ ஆரம்பிச்சான். மூக்குத்தண்டைப் பிடிச்சுக்கிட்டு அரைமணி நேரம் அழுதான். "அக்கா, நாளைக்கு வேணாம்"னு சொல்லிட்டுப் போய் அம்மா பக்கத்தில் படுத்துட்டான்.

மறுநாள் டாக்டருக்கு ஃபோன் பண்ணினேன். அவர் திட்டல. "விட்டது விட்டதுதான்மா. சேர்த்துத் திருப்பக் கூடாது. அடுத்த வேளைக்கு வழக்கம் போல ஒன்னு மட்டும்"னார்.

காரணம் பிறகு புரிஞ்சது. நான் லீனியர் ஸ்பிரிங்னு நினைச்சேன். உடம்புத் திசு விஸ்கோ-எலாஸ்டிக். திருப்பின உடனே விசை உச்சத்துக்குப் போய், அப்புறம் நேரம் ஆக ஆகத் தளரும். ஸ்ட்ரெஸ் ரிலாக்சேஷன்னு படிச்சோமே, அதேதான். முந்தைய விசை தளர்வதற்குள் அடுத்த திருப்பல் வந்தா, மிச்சத்தின் மேல மிச்சம் சேரும். அளந்து பார்த்த ஆய்வுகளிலேயே இப்படிச் சேர்ந்து 20 பவுண்டுக்கு மேல போயிருக்கு. 12 மணி நேர இடைவெளிங்கிறது வெறும் சம்பிரதாயம் இல்ல. மெட்டீரியல் ப்ராப்பர்ட்டி.

வீட்டில் யாராவது சாவி பிடிக்கப் போறீங்கன்னா, நான் கத்துக்கிட்ட சில விஷயம்:

• திருப்பலை முழுசா முடிக்கணும். அடுத்த ஓட்டை முன்னால் தெரியணும். பாதியில் சாவியை எடுத்தா அடுத்த தடவை ஓட்டையே கிடைக்காது.
• சாவியை வெளியே எடுக்கும்போது ஸ்க்ரூவைப் பின்னால் இழுத்துடக் கூடாது. இழுத்தா திருப்பினது வீண்.
• சாவியில் ஒரு நூலைக் கட்டி விரலில் சுத்திக்கோங்க. கைதவறினா விழுங்கிடக் கூடாது.
• ஒவ்வொரு திருப்பலையும் காலண்டரில் டிக் பண்ணுங்க.
• கருவி ஆடினா, அண்ணத்தில் புண் வந்தா, வலி குறையாமலே இருந்தா, பல நாள் திருப்பியும் முன்பல் சந்து வராம இருந்தா, திருப்புவதை நிறுத்திட்டு டாக்டரைக் கூப்பிடுங்க.

முதல் வாரம் எச்சில் ஊறும், பேச்சு குழறும், சாப்பாடு கம்பியில் மாட்டும். தம்பி இட்லிக்கும் ரசம் சாதத்துக்கும் மாறிட்டான். ரெண்டு வாரத்தில் பழகிடுச்சு.

திருப்பி முடிச்சா வேலை முடிஞ்சுதா?

இல்லவே இல்ல. டாக்டர் தேவைக்கு மேலேயே கொஞ்சம் விரிச்சார். ஏன்னா திரும்பி வரும்னு தெரியும். பிறகு ஸ்க்ரூவை அசையாம பூட்டி அப்படியே விட்டுட்டார். திறந்த தையலுக்குள் முதலில் ரத்தமும் திரவமும், பிறகு புது எலும்பும் நிரம்பணும். இதுக்குக் குறைஞ்சது மூணு மாசம், பெரும்பாலும் ஆறு மாசம் வரை கருவி வாயிலேயே இருக்கணும். கான்க்ரீட் போட்ட மறுநாள் செண்ட்ரிங் பலகையைப் பிரிப்போமா?

ஆர்த்தோடான்டிக்ஸ் பாடப்புத்தகத்தில் ஒரு எடுத்துக்காட்டு கொடுப்பாங்க. வேகமா 10 மி.மீ. விரிச்சா, ஆரம்பத்தில் 8 மி.மீ. எலும்பு, 2 மி.மீ. பல். நாலு மாசம் கழிச்சுப் பார்த்தா 5-க்கு 5. இழுபட்ட அண்ணத்துச் சதை எலும்பைக் கொஞ்சம் உள்ளே கொண்டுவரும். பற்களைக் கருவி அங்கேயே பிடிச்சு வெச்சிருப்பதால் மொத்த அகலம் மாறாது, பங்கு மட்டும் மாறும். வாரத்துக்கு 1 மி.மீ.ன்னு மெதுவா விரிச்சாலும் கடைசியில் ஏறக்குறைய அதே பாதிக்குப் பாதி. வேகமா, மெதுவாங்கிற விவாதம் அவங்க துறையில் இன்னும் ஓடுறதுக்கு இதுவும் ஒரு காரணம்.

இப்போ என் கதை

எனக்கும் தம்பி மாதிரியே குறுகின மேல்தாடை. எட்டாவது படிக்கும்போது ஒரு பல் டாக்டர் சொன்னார், "இப்பவே விரிச்சுட்டா நல்லது". வீட்டில் "பத்தாவது பப்ளிக் முடியட்டும்"னாங்க. அப்புறம் "ப்ளஸ் டூ முடியட்டும்". அப்புறம் "இன்ஜினியரிங் சேரட்டும்". யார் மேலயும் தப்பில்ல. பல்லு எங்கேயும் ஓடிப்போகாதுன்னுதான் எல்லாரும் நினைச்சோம். பல் ஓடிப்போகல. தையல்தான் மூடிடுச்சு.

எந்த வயதில் மூடும்னு ஒரே கோடு போட முடியாது. 1977-ல் வெளிவந்த ஒரு ஸ்வீடன் ஆய்வில், 15 வயதுப் பெண்ணுக்கே எலும்புப் பாலம் தொடங்கியிருந்துச்சு. 27 வயதான இன்னொருத்தருக்கு இன்னும் தொடங்கவே இல்ல. அதனால இப்போ வயதை மட்டும் பார்க்காம, சிபிசிடி என்ற முப்பரிமாண ஸ்கேனில் தையலையே பார்த்து ஏ முதல் ஈ வரை ஐந்து நிலையாப் பிரிக்கிறாங்க. 2013-ல் வந்த முறை. ஏ, பி-ன்னா சாதாரண எக்ஸ்பாண்டரே போதும். சி-யில் முயற்சி பண்ணலாம். டி-யில் பின்பக்கம் மூடிடுச்சு. ஈ-யில் முன்பக்கமும். எனக்கு டி.

ஸ்கேனுக்கு முன்னாடி நான் போன வேறொரு இடத்தில், "ஆபரேஷனே வேணாம், ஆறு மாசத்தில் எக்ஸ்பாண்டர்லயே விரிச்சுடலாம்"னாங்க. ஸ்கேன் எடுக்கவே சொல்லல. நானும் அட்வான்ஸ் கட்டத் தயாரா இருந்தேன். தம்பியோட டாக்டர் என் ஸ்கேனில் ஒரு இடத்தைக் காட்டினார்: முன்கடைவாய்ப் பல் வேருக்கு வெளியே எலும்பு ஒரு மெல்லிய கோடு. மேலே சொன்ன சீரிஸ் ஸ்பிரிங்கை நினைச்சுப் பாருங்க. மூடின தையலில் விசை கொடுத்தா எது நகரும்? பல்தான். அதுவும் அந்த மெல்லிய கோட்டை நோக்கி. பல்வரிசை விரிஞ்ச மாதிரி தெரியும், வேர் எலும்பை விட்டு வெளியே வரும், ஈறு இறங்கும். போன எலும்பைத் திரும்பக் கொண்டுவருவது கஷ்டம்.

பெரியவங்களுக்கு வழியே இல்லைன்னு அர்த்தம் இல்ல. ஒன்று, மார்ப்பி: அண்ணத்து எலும்பிலேயே பொதுவா நாலு மினி ஸ்க்ரூ இறக்கி, எக்ஸ்பாண்டரை அதில் மாட்டுவது. பல் என்ற ஸ்பிரிங்கை பைபாஸ் பண்ணி, விசையை நேரா எலும்புக்குக் கொடுக்கும் முயற்சி. தையல் திறக்கும்னு உத்தரவாதம் இல்ல. வயது கூடக் கூட வாய்ப்பு குறையும். இன்னொன்று, சார்ப்பி: மயக்க மருந்து கொடுத்து, சர்ஜன் எலும்பைக் குறிப்பிட்ட இடங்களில் வெட்டித் தளர்த்தி, சில நாள் விட்டு, பிறகு தினமும் கொஞ்சமா விரிப்பது. ரஷ்யாவின் குர்கானில் இலிசாரோவ் கால் எலும்பை நீட்டப் பயன்படுத்திய அதே தத்துவம்.

ரீல்ஸில் நாக்கை அண்ணத்தில் அழுத்தியே தாடையை விரிக்கலாம்னு சொல்றவங்களை நம்ம ஹாஸ்டலிலும் பலர் ஃபாலோ பண்றாங்க. 20 வயசுக்கு மேல மூடின தையலை நாக்கு பிரிக்கும்னு ஏத்துக்கிற அளவுக்கு ஆதாரம் இல்ல. ஆன்லைனில் வாங்கி நாமே மாட்டிக்கிற கருவிகளைப் பத்தி சொல்லவே வேணாம். அந்த மெல்லிய எலும்புக் கோட்டை நினைச்சுக்கோங்க.

அந்த அட்வான்ஸை நான் கட்டல. "ப்ளேஸ்மென்ட் முடியட்டும், அப்புறம் பாக்கலாம்"னு போன மாசம் என் வாயாலயே சொன்னேன். சொன்ன உடனேதான் உறைச்சுது: எட்டாவதிலிருந்து கேட்ட அதே வசனம், இப்போ நானே பேசுறேன். அடுத்த வாரம் மார்ப்பி பத்திப் பேச அப்பாயின்ட்மென்ட் போட்டிருக்கேன். அது திறக்கலைன்னா அடுத்தது என்னன்னும் கேட்டு வெச்சிருக்கேன்.

உங்க வீட்டில் ஏழு, எட்டு வயசுத் தம்பி தங்கை, அண்ணன் அக்கா பிள்ளைங்க இருந்தா, ஒரு தடவை பல்லைக் கடிக்கச் சொல்லிப் பக்கவாட்டில் பாருங்க. மேல் கடைவாய்ப் பல் உள்ளே உட்காருதா? எப்பவும் வாயைத் திறந்தே மூச்சு விடுதா? அப்படின்னா ஆர்த்தோடான்டிஸ்ட்கிட்ட ஒரு தடவை காட்டிடுங்க. சிகிச்சை தேவையே இல்லைன்னும் சொல்லலாம். தேவைன்னா, அந்த வயசில் ஒரு சாவியும் ரெண்டு வாரமும் கொஞ்சம் கண்ணீரும் போதும்.

தம்பிக்கு இப்போ முன்பல் சந்து முக்கால்வாசி மூடிடுச்சு. சாவியை ஞாபகார்த்தமா என் ஜியாமெட்ரி பாக்ஸில் வெச்சிருக்கேன். "அதைத் தூக்கிப் போடு அக்கா"ங்கிறான். அந்தப் பத்தாவது நாளை அவன் இன்னும் மறக்கல. நானும்தான்.